ஒப்படைத்தல் என்னும் நான்காம் பாடம்

அர்த்தநாரி மேஸ்திரிக்கு முதலில் அநியாயம் செய்தவர் மோகனசெல்வம்; மற்றவர்கள் செய்ததெல்லாம் அவரைப் பார்த்துத் துணிந்து செய்தது. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் அந்த மோகனசெல்வம், ஆனி மாதத்து முதல் திங்கட்கிழமை, முப்பத்தொரு வேலையாட்களையும் சாப்பாட்டுக் கொட்டகையில் உட்காரவைத்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு இப்படிச் சொன்னார்:

"மேஸ்திரிண்ணா இருபத்தேழு வருசமா இங்க வேலை வாங்குறாருன்னு எல்லாரும் சொல்றோம். உண்மையச் சொல்லணும்னா அவரு வேலை வாங்கல. வேலை தானா நடந்துச்சு."

சிலர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது அர்த்தநாரிக்கு இன்றைக்கும் வரிசையாகத் தெரியும்.

ஒரு லாரி எப்படிப் பட்டறைக்கு வருகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் புரியும். கம்பெனியிலிருந்து வருவது சேஸ் என்கிற வெறும் எலும்புக்கூடு. கூரை இல்லை, கதவு இல்லை, துண்டால் முகத்தை மூடிக் கட்டிய டிரைவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து வெயிலோடும் காற்றோடும் ஓட்டிக்கொண்டு வருவார். அதற்குக் கேபின் கட்டி, பலகை ஏற்றி, வெல்டு வைத்து, தகடு அடித்து, வர்ணம் பூசி, புருவம் வைத்த கண் எழுதி, முன்னால் ஒரு சாமியையும் பின்னால் ஒரு எச்சரிக்கையையும் வரைந்து அனுப்புவதற்குள், தச்சர் வரவேண்டிய நேரத்தில் வெல்டர் வந்தால் பலகை கருகும், வெல்டர் வரவேண்டிய நேரத்தில் பெயிண்டர் வந்தால் வர்ணம் கொப்பளிக்கும். ஒரே சமயத்தில் பத்து லாரி நிற்கும் பட்டறையில், நாலாம் வகுப்போடு நிறுத்திய அர்த்தநாரி, எந்த லாரி எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சுத்தியல் சத்தத்தை வைத்தே சொல்லுவார். அதைத்தான் தானாக நடந்தது என்று சொல்லிவிட்டார்.

மோகனசெல்வம் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். வரும்போது திட்ட மேலாண்மை, தலைமைப் பண்பு என்று இருபத்துநாலு வீடியோ பாடங்களை வாங்கி வந்திருந்தார். பாடம் முழுவதையும் பார்த்துப் பரீட்சை எழுதித் தேறும்வரை யாரும் யாருக்கும் உத்தரவு போடக்கூடாது என்றார். உத்தரவு போடுகிறவர் பட்டறையில் ஒருவர்தான் இருந்தார். அவர் கழுத்தில் 'கற்கும் நிலை' என்று எழுதிய ஓர் அட்டையை மாட்டி, கண் சரியாகத் தெரியாது என்று சொல்லி, முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

அன்றிலிருந்து அர்த்தநாரி பட்டறைக்குள் யாரிடமும் "சரிங்க" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். எது கேட்டாலும் "ம்" என்பதோடு சரி.

தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், ஊரே கண் சொக்குகிற நேரத்தில், ஆபீஸில் கணக்கெழுதும் வளர்மதி வந்து பலகையில் கட்டியிருந்த டிவியைப் போடுவாள். அதில் கோட்டுப் போட்ட ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னலும் அதற்கும் பின்னால் உயரமான கட்டிடங்களும் தெரியும். தகரக் கொட்டகையில் முப்பத்திரண்டு பேர் வியர்வையில் நனைந்துகொண்டிருக்க, அவருக்கு ஒரு சொட்டு வியர்த்ததில்லை. "நண்பர்களே" என்று ஆரம்பிப்பார். முதல் பாடத்தில் கனவு காணச் சொன்னார்; வெல்டர் சடையப்பன் அதற்கு முன்பே காண ஆரம்பித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் பாடத்தில் கலர் கலராகப் பட்டைகள் போட்ட ஒரு படத்தைக் காட்டி, எது முடிந்தால் எது தொடங்கும் என்று அரை மணி நேரம் விளக்கினார்.

"எந்த அடுப்புல எதை முதல்ல வெக்கிறதுங்கற விசயம்தானே இது," என்றார் அர்த்தநாரி, யாரிடமும் இல்லாமல். "எங்க வீட்டுக்காரி பாவாயி செவுத்துல கோடு போடாமயே பண்றா."

நான்காம் பாடம் ஒப்படைத்தல். நல்ல தலைவன் எல்லாவற்றையும் தானே சுமக்க மாட்டான் என்றார் கோட்டுக்காரர். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், எப்போதைக்குள் என்று கெடு சொல்ல வேண்டும், அவர் வாயால் சம்மதம் வாங்க வேண்டும். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது உங்களுடையது அல்ல என்று சொல்லிச் சிரித்தார்.

சடையப்பனுக்கு நாலு நாளாகக் கடைவாய்ப்பல் வலி. பாடம் முடிந்ததும் பக்கத்தில் இருந்த பெயிண்டர் பெரியதம்பியின் கண்ணைப் பார்த்து, கோட்டுக்காரர் குரலிலேயே நக்கலாகச் சொன்னார்: "மாப்ள, என்ற பல்வலிய உங்கிட்ட ஒப்படைக்கிறேன். சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் வெச்சிரு."

"சரிங்க மாமா," என்றான் பெரியதம்பி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டே. அடுத்த மூச்சில் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். சடையப்பன் வாயைத் திறந்து, மூடி, பல்லை நறநறவென்று கடித்துப் பார்த்தார். வலி இல்லை. மிச்சமிருந்த முறுக்கை எடுத்துத் தின்றார். சாயந்தரம் அஞ்சு மணிச் சங்கு ஊதியதும் பெரியதம்பி கையை எடுத்தான், சடையப்பன் கையை வைத்தார்.

"இதையெல்லாம் வருகைப் பதிவுல எழுதணுங்களா சார்?" என்று வளர்மதி முதலாளியிடம் கேட்டாள். மோகனசெல்வம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார்.

இதில் அந்தக் கோட்டுக்காரருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. எங்கள் பக்கத்தில் 'சரிங்க' என்பது சம்மதம் அல்ல. நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்று அர்த்தம். முடியாது என்று சொல்ல வேண்டியவர்களும் முதலில் 'சரிங்க' என்று சொல்லிவிட்டுத்தான் அப்புறம் செய்யாமல் இருப்பார்கள், அதுதான் மரியாதை. அப்படிப்பட்ட ஜனங்களிடம் போய் வாயால் சம்மதம் வாங்கு என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும். பாதிப் பேர் மீதிப் பேரிடம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள்.

பட்டறையிலிருந்து அது வீடுகளுக்குப் போனது, வீடுகளிலிருந்து சந்தைக்குப் போனது. ஒரு கோழிப்பண்ணைக்காரர் தன்னுடைய தூக்கமின்மையைக் காவல்காரரிடம் ஒப்படைத்தார், காவல்காரருக்கும் அது தொழிலுக்கு வசதியாக இருந்தது. ராசிபுரத்தில் பெண் பார்க்க வந்த அன்று மணப்பெண் தன் வெட்கத்தைத் தாய்மாமனிடம் கொடுத்துவிட்டாள். அவள் நடுக்கூடத்தில் கால்மேல் கால் போட்டு மாப்பிள்ளையிடம் விவரம் கேட்டுக்கொண்டிருக்க, தொண்ணூறு கிலோ எடையுள்ள மாமன் கதவுக்குப் பின்னால் நின்று கால் கட்டைவிரலால் தரையில் கோலம் போட்டார். மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொண்ட ஒருவர் வேண்டுதலைப் பங்காளியிடம் ஒப்படைக்க, காலையில் பங்காளியின் முடி தலையணையிலேயே கழன்று கிடந்தது. யாருடைய முடியாக இருந்தால் என்ன, வந்து சேர்ந்தால் சரி என்று பூசாரி அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆடி பிறப்பதற்குள் ஊருக்குப் பழகிவிட்டது. ஜனங்கள் 'சரிங்க' சொல்வதைக் குறைத்துக்கொண்டு, 'பார்க்கலாமுங்க' என்றும் 'கேட்டுச் சொல்றனுங்க' என்றும் பேசத் தொடங்கினார்கள். ஒரு நிச்சயதார்த்தத்தில் சரி என்று சொல்ல இரண்டு வீட்டாருக்கும் பயமாகி, தட்டில் இருந்த வெற்றிலை வாடும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிப் பேசி முடித்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் யாரோ ஒரு புண்ணியவான், முகம் தெரியாதவர் கண்ணைப் பார்த்துப் பேசினால் இருமவும் என்று எழுதிவைத்தார்.

அர்த்தநாரி யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. வாங்கவும் இல்லை. 'ம்' என்று சொன்னால் எதுவும் ஒட்டவில்லை.

பாவாயிதான் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்த முதலாளி சொன்னத நெஞ்சுல போட்டுக்கிட்டு மறுசோறு வாங்காம எந்திரிக்கிறீங்க. அந்தக் கோபத்த ஒரு வாரத்துக்கு எங்கிட்டக் குடுங்க, நான் வெச்சிருக்கறன்."

"உங்கிட்டக் குடுத்தா நீ மன்னிச்சுப்புடுவ."

"மன்னிச்சா என்ன, குடியா முழுகிரும்?"

"ஒரு வாரங்கழிச்சுத் திரும்பி வரும்போது அது வெறும் சக்கையா வரும். எனக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். அவருடைய கோபம் முழுசாக, சேதாரம் இல்லாமல், அவரிடமே இருந்தது.

மோகனசெல்வமோ கொடுத்துக்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தத்தைக் கொடுத்தார், சம்சாரத்தின் கோபத்துக்குப் பதில் சொல்வதைக் கொடுத்தார். கடைசியில் ஆறு லாரியைப் பற்றிய கவலையையும் கொடுத்தார். முட்டை ஏற்றுமதி செய்கிற ஒருவர் ஆறு லாரிக்குப் பாடி கட்டக் கொடுத்திருந்தார். ஆடிப் பதினெட்டு அன்று காலையில் ஆறும் சாவியோடு வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அந்தக் கவலையை, லாரி போய்ச் சேருகிற வரைக்கும் என்று கெடு சொல்லி, மோகனசெல்வம் வளர்மதியிடம் ஒப்படைத்தார். வளர்மதி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு அதைத் தச்சர் ராமாசாரியிடம் கொடுத்தாள். ராமாசாரி சங்ககிரியில் ரேஷன் கடையில் எடை போடுகிற தன் மச்சான் அங்கமுத்துவிடம் போனில் கொடுத்தார். போனில் கண்ணைப் பார்க்க முடியாதே என்றால், அது வீடியோ போன்.

ஆக, ஆடி மாதம் எட்டாம் தேதி ஆறு லாரியில் நாலு லாரி எலும்புக்கூடாகவே நிற்க, பட்டறையில் ஒருவருக்கும் அதைப் பற்றித் துளிக் கவலை இல்லை. டீ வந்தது, குடித்தார்கள். பாடம் ஓடியது, பார்த்தார்கள். அர்த்தநாரி முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வராத சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பகல் பதினோரு மணி பஸ்ஸில் மஞ்சப்பையோடு ஓர் ஆள் வந்து இறங்கினார். கண் குழிவிழுந்து, தாடி முளைத்து, இடுப்பு வேட்டி நழுவுகிற அளவுக்கு மெலிந்திருந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்: "ஏனுங்க, மூணாவது லாரிக்குச் சைடுப் பலகை ஏத்தியாச்சுங்களா?"

ராமாசாரி எட்டிப் பார்த்தார். "அட, அங்கமுத்து மச்சானா. வாங்க, டீ சாப்பிடுங்க."

"டீ எறங்கலைங்க மச்சான். பெயிண்டு காய மூணு நாளு வேணுமாமா? அப்ப வெல்டிங்க எப்ப முடிக்கறது? ரேசன் கடையில சக்கரை போடறதுக்குப் பதிலா உளுந்தப் போட்டுட்டனுங்க. எனக்கு இந்த லாரி நெனப்பாவே இருக்குது."

"நீங்க லாரியில போயிருக்கீங்களா?"

"ஏறுனதே இல்லீங்க," என்று சொல்லி, அங்கமுத்து ஒரு சேஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரிடமும் கேட்டு, எல்லாரும் சிரித்து, கடைசியில் அவர் அர்த்தநாரியிடம் வந்து சேர்ந்தார். அர்த்தநாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு மாதமாகப் பட்டறையில் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் இவர்தான். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அங்கமுத்துவின் நச்சரிப்பு தாங்காமல் மோகனசெல்வமும் வெளியே வந்தார். முகத்தில் குளித்துவிட்டு வந்த குழந்தையின் தெளிவு. "ஏனுங் மேஸ்திரிண்ணா, பத்து நாள்ல ஆறும் முடிஞ்சிருமுங்களா?" என்று, இன்றைக்கு மழை வருமா என்பதுபோலக் கேட்டார்.

"வேலை தானா நடக்குமுங்களே," என்றார் அர்த்தநாரி. "உட்கார்ந்து பாருங்க."

அங்கமுத்து விம்மி விம்மி அழுதார். கவலை இல்லாவிட்டாலும் மோகனசெல்வத்துக்குக் கணக்குத் தெரியும். முட்டைக்காரர் போனால் அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் போவார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "என்ன பண்ணணும், சொல்லுங்க," என்றார்.

"முப்பத்தொரு பேருக்கு முன்னால சொன்னத, அதே முப்பத்தொரு பேருக்கு முன்னால வாபஸ் வாங்குங்க. சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் லாரியப் பத்திப் பேசலாம்."

மோகனசெல்வத்தின் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது. லாரிக் கவலையைக் கொடுத்துவிட்டாரே தவிர, கூச்சத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. ஆபீஸுக்குள் போனார். அங்கே வளர்மதி இருந்தாள். அவள் கண்ணைப் பார்த்தார். "மேஸ்திரிண்ணாகிட்டக் கேக்க வேண்டிய மன்னிப்ப உங்கிட்ட ஒப்படைக்கிறேன்," என்றார். அந்த நேரம் பார்த்து மேசையில் போன் அடித்தது, எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"சரிங்க சார்," என்றாள் வளர்மதி. சம்பளம் கொடுக்கிறவரிடம் 'பார்க்கலாமுங்க' என்று சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வந்திருக்கவில்லை.

அவள் வெளியே வரும்போதே கண்ணில் தண்ணீர். அர்த்தநாரியின் முன்னால் வந்து இரண்டு கையும் கூப்பி, "அன்னிக்கு அப்பிடிச் சொன்னது தப்புங்கய்யா. நீங்க இல்லீன்னா இந்தப் பட்டறையே இல்லீங்க. மன்னிச்சுருங்க," என்று தேம்பினாள்.

"நீ என்ன அம்மிணி பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலீங்க. ஆனா நெஞ்சு அடைக்குதுங்க."

"எப்பக்குள்ளன்னு உங்க முதலாளி கெடு சொன்னாரா?"

வளர்மதி யோசித்தாள். "இல்லீங்க. போன் வந்துருச்சு."

அர்த்தநாரி சிரித்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். இருபத்துநாலு பாடத்தையும் விலை கொடுத்து வாங்கினவர் நான்காம் பாடத்தின் மூன்றாவது வாக்கியத்தைக் கோட்டை விட்டிருந்தார். கெடு சொல்லாமல் கொடுத்தது கொடுத்தவரிடம் திரும்பி வராது.

அவர் ஏற்றுக்கொள்ளாததால் பாரம் வளர்மதிக்கு இறங்கவில்லை. அவள் அதை ராமாசாரியிடம் கொடுத்தாள். ராமாசாரி வந்து கேட்டார். அர்த்தநாரி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ராமாசாரி சடையப்பனிடம் கொடுத்தார். சடையப்பன் வந்து முதலாளியின் மன்னிப்பைக் கேட்டுவிட்டு, அதோடு நிற்காமல், "அன்னிக்கு நானுஞ் சிரிச்சனுங்க மேஸ்திரி," என்றார்.

"தெரியும். அது வேற. அத நான் தனியா வெச்சிருக்கேன்."

இப்படி ஒருவர் மாற்றி ஒருவராக, சாயந்தரத்துக்குள் முப்பத்தொரு பேரும் கேட்டுவிட்டார்கள். டீக்கடைக்காரர் கேட்டார். எதற்கு வந்தோம் என்றே மறந்துபோன அங்கமுத்துவும் கேட்டார். எல்லாரும் கண்ணீரோடு கேட்டார்கள், ஒருவர் காலிலேயே விழுந்துவிட்டார். ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் மோகனசெல்வம் ஆரஞ்சுப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். கடைசியில் பெரியதம்பி அதை, சேஸ் இறக்கிவிட்டுத் திரும்பிப்போகிற ஒரு டிரைவரிடம் கொடுத்தனுப்பினான். அவர் வாசலிலேயே கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

"லாரிங்க," என்றார் அங்கமுத்து, ஈனக் குரலில்.

அர்த்தநாரி யோசித்தார். வேலையைக் கிடப்பில் போட்டால் மோகனசெல்வத்துக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவர், நான் பட்டது போதும், கணக்கு நேராகிவிட்டது என்பார். அப்படி நேராக விடுவதில் அர்த்தநாரிக்கு விருப்பமில்லை. ஆறு லாரியையும் முடித்து வாசலில் நிறுத்திவிட்டால், அந்த ஆள் தரவேண்டிய கடன் ஆறு லாரி அளவுக்கு இன்னும் பெரிதாகும். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி டிவியின் மேல் மாட்டினார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

அதற்குப் பிறகு பத்து நாள் அந்தப் பட்டறையில் நடந்ததை எந்த வீடியோவிலும் காட்ட முடியாது. அவர் யார் கண்ணையும் பார்க்கவில்லை, யாரிடமும் சம்மதம் வாங்கவில்லை, கெடு சொல்லவில்லை. முதல் லாரியில் நின்றுகொண்டு நாலாவது லாரியின் ஆணிச் சத்தம் பிசகுவதைக் கேட்டு ஒரு தடவை கனைப்பார், ஆணி நேராகும். வெல்டரைக் கூப்பிட மாட்டார், வெல்டர் உட்காருகிற ஸ்டூலை எடுத்து அடுத்த லாரிக்குப் பக்கத்தில் போடுவார், வெல்டர் ஸ்டூலைத் தேடிக்கொண்டு போவார். பெரியதம்பி தூரிகையைக் கையில் எடுத்தால் அவர் ஒரு பார்வை பார்ப்பார், வர்ணம் பூச நேரம் வரவில்லை என்று தூரிகையே தாழ்ந்துகொள்ளும். பலகை ஏறியது, தகடு ஏறியது, சாமி ஏறியது, கண் ஏறியது, அங்கமுத்து ஒவ்வொரு லாரியாகச் சுற்றிச் சுற்றி வந்து இது ஆச்சுங்களா அது ஆச்சுங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அர்த்தநாரி ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். யாருமே கவலைப்படாமல் இருப்பதைவிட, ஒன்றும் தெரியாத ஒருவர் கவலைப்படுவது மேல் என்று அவருக்குப் பட்டது.

ஆடிப் பதினெட்டு காலையில் ஆறு லாரியும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டன. முட்டைக்காரர் வீட்டு வாசலில் ஆறாவது லாரி நின்ற நிமிஷம், பட்டறையில் பலகைக் குவியலின் மேல் சாய்ந்திருந்த அங்கமுத்து அப்படியே தூங்கிப்போனார். கெடு முடிந்த கவலை மோகனசெல்வத்திடம் திரும்பி வந்தது. வந்து பார்த்தால் லாரி இல்லை. கவலைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சுற்றும் முற்றும் தேடி, அவருக்கு மிச்சமிருந்த ஒரே விஷயமான, மேஸ்திரியிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பைப் பிடித்துக்கொண்டது.

மோகனசெல்வம் வேர்த்து விறுவிறுத்து வெளியே ஓடி வந்தார். முப்பத்தொரு பேரும் நின்றிருந்தார்கள். அர்த்தநாரியின் முன்னால் நின்று வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொண்டையைச் செருமினார். திரும்பவும் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினாலும் கிடைக்காத அளவுக்கு அந்த இடம் காலியாக இருந்தது.

"எங்கிட்ட இல்லீங்களே மேஸ்திரிண்ணா," என்றார் கடைசியில். "எங்கயோ போயிருச்சு."

"தேடிக் கொண்டாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

மோகனசெல்வம் அன்றைக்கே காரை எடுத்தார். சேஸ் டிரைவரைப் பிடித்துக் கேட்டால் அவர் சேலத்தில் ஒரு ஓட்டல்காரரிடம் கொடுத்திருந்தார், ஓட்டல்காரர் தருமபுரிக்குப் போகிற பூ வியாபாரியிடம் கொடுத்திருந்தார். இவர் தருமபுரி போனால் அது கிருஷ்ணகிரி போயிருந்தது. கிருஷ்ணகிரி போனால் நேற்றுத்தான் ஓசூர் தாண்டியது என்றார்கள். அந்தந்த ஊர்க்காரர்கள் எப்படியோ நம்பரைத் தேடிப்பிடித்து அர்த்தநாரிக்குப் போன் செய்தார்கள். "ஐயா, நீங்க அர்த்தநாரிங்களா? தப்புதானுங்க. எதுக்குன்னு தெரியல. மன்னிச்சுருங்க."

போன வாரம் ஒரு போன் வந்தது. எதிர்முனையில் யாரோ ஓர் அம்மா, தெலுங்கில் பேசினாள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அந்த அழுகை எதற்கென்று அர்த்தநாரிக்குப் புரிந்தது; ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பாவாயியும் மூக்கை உறிஞ்சினாள்.

"உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா," என்றார் அவர், தமிழிலேயே, நிதானமாக. "காருல ஒருத்தர் வருவாரு. வேற யாருக்கும் குடுத்துராதீங்க, அவரு கையிலயே குடுங்க."

போனை வைத்தார். பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதோட நூத்திப் பதினேழு பேரு கேட்டாச்சு. இன்னுமா உங்களுக்கு ஆறல?" என்றாள்.

"நூத்திப் பதினேழு பேரும் நல்லவங்க," என்றார் அர்த்தநாரி. "அவங்க யாரும் எனக்கு ஒண்ணும் பண்ணல."